பூந்தோட்டமும் குறிப்பேடும்

தமிழ் மரபின்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் ஆகும். ஆனால் டில்லியிலும் ஆக்ராவிலும் லக்னோவிலும் குடியேறி வாழும் தமிழர்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்துவதில்லை. வடநாட்டிலே வசந்தம் மாசித் திங்களில் வருகிறது. பங்குனி முடிவதற்குள் விடைபெற்றுக் கொள்கிறது. நம் பஞ்சாங்கம் இளவேனில் பிறந்தது என்று கூறும் சித்திரையில், இங்கே கோடையின் அனல் ஏறத் தொடங்கிவிடும். வைகாசியில் 'லூ' என்னும் வெப்பக் காற்று முகத்தைச் சுடும். ஆகவே வசந்தத்தை வீட்டிலேயே அனுபவிக்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும். ஐப்பசியில் விதைத்து, கார்த்திகையில் நாற்றைப் பிரித்து நட்டு, மார்கழிக் குளிரில் காப்பாற்றி வைத்தால்தான் மாசியில் மலர்களைக் காணலாம்.

அந்தச் சில வாரங்களில் நம்மவர் வீடுகளில் மூன்று சிறு காரியங்கள் நடைபெறுவதுண்டு. மாடி முகப்பிலும் வாசற்புறத்திலும் உள்ள தொட்டிகளில் பூத்திருப்பவற்றைப் பார்த்து மகிழ்வது ஒன்று. அவற்றுள் ஒரு மலரையோ இலையையோ குறிப்புப் புத்தகத்தில் வரைந்து, பக்கத்தில் நாளும் இடமும் இரண்டொரு வரியும் எழுதி வைப்பது மற்றொன்று. வர இருக்கும் தமிழ்ப் புத்தாண்டுக்கு வாழ்த்து அட்டை ஒன்றைக் கடையில் வாங்காமல் கையாலேயே செய்து ஊருக்கு அனுப்புவது மூன்றாவது. இவற்றை வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோரும் உண்டு. ஆனால் இந்த நாட்டின் சரித்திரத்திலே, தோட்டமும் குறிப்பேடும் சித்திர ஏடும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் குடும்பக் கதை ஒன்று இருக்கிறது. அந்தக் குடும்பமும் வேற்றூரிலிருந்து இங்கு வந்து தங்கிய குடும்பமே. மொகலாயப் பாதுஷாக்களின் போர்களையும் கோட்டைகளையும் நாம் பள்ளியிலே படித்திருக்கிறோம். அவர்களுடைய பூந்தொட்டிகளையும் குறிப்பேடுகளையும் பற்றி இன்று சிறிது காண்போம்.

அந்தக் குடும்பத்தில் முதலில் இங்கு வந்தவர் பாபர். இவர் 1483ஆம் ஆண்டு, இன்றைய உஸ்பெகிஸ்தானத்தைச் சேர்ந்த பர்கானா என்னும் பள்ளத்தாக்கில், ஆந்திஜான் நகரிலே பிறந்தவர். பன்னிரண்டாம் வயதில் தந்தையை இழந்து அரசரானார். சமர்க்கந்து நகரைப் பிடித்தார், இழந்தார், மீண்டும் பிடித்தார், மீண்டும் இழந்தார். பிறந்த ஊரும் கைவிட்டுப் போன நிலையில், 1504இல் காபூலுக்கு வந்து அங்கே நிலைகொண்டார். 1526ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பானிபட்டுப் போரில் வென்று ஆக்ராவில் அமர்ந்தார். நான்கே ஆண்டுகளுக்குப் பின்னர், 1530 டிசம்பரில் அங்கேயே உயிர் நீத்தார். படையெடுத்து வந்தவர் என்ற முறையில் அவர் செய்தவற்றைச் சரித்திர ஆசிரியர்கள் தனியே எடைபோடுவார்கள். இங்கே நமக்கு வேண்டுவது, அவர் தம் தாய்மொழியாகிய சகதாய்த் துருக்கியில் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகள். 'பாபர் நாமா' என்று நாம் அழைப்பது அதனைத்தான்.

அரசர்களைப் பற்றிப் பிறர் எழுதிய நூல்கள் பல உண்டு. ஓர் அரசர் தம்மைப்பற்றித் தாமே, ஒளிவு மறைவின்றி எழுதிய நூல் மிக அரிது. பாபர் தம் தோல்விகளை எழுதினார். குடித்துக் களித்ததை எழுதினார். காய்ச்சலில் கிடந்ததை எழுதினார். இவற்றுக்கிடையே, கண்ணில் பட்ட ஒவ்வொரு மரத்தையும் பூவையும் பழத்தையும் எழுதினார். காபூலைச் சுற்றியுள்ள மலையடிவாரங்களில் வசந்தத்தில் பூக்கும் டூலிப் மலர்களைக் கண்டு, அவற்றில் எத்தனை வகை உண்டென்று எண்ணிவரச் சொன்னார். முப்பத்திரண்டு அல்லது முப்பத்து மூன்று வகை என்று விடை வந்தது. அவற்றுள் ஒருவகைக்கு ரோஜாவின் மணம் இருந்ததாம். போருக்கும் பயணத்துக்கும் நடுவில், ஒரு மலையில் எத்தனை வகைப் பூ என்று எண்ணச் சொல்லும் உள்ளத்தை நாம் கவனிக்க வேண்டும்.

காபூலில் இருந்த காலத்தில் அவர் பல தோட்டங்கள் அமைத்தார். அவற்றுள் ஒன்று 1508ஆம் ஆண்டை ஒட்டி, இன்றைய ஜலாலாபாத்துக்கு அருகில் உண்டாக்கிய 'பாகே வஃபா' என்னும் தோட்டம். விசுவாசத் தோட்டம் என்று தமிழில் கூறலாம். அங்கே நாரத்தையும் கிச்சிலியும் மாதுளையும் செழித்தன. பிற்காலத்தில் அந்தத் தோட்டத்திற்கு வாழைக் கன்றுகளை வரவழைத்து நட்டார். அவை நன்றாகப் பிடித்துக்கொண்டன என்று மகிழ்ச்சியோடு குறித்திருக்கிறார். அதற்கு முந்திய ஆண்டில் கரும்பும் பயிரிட்டாராம். நம் தென்னாட்டு வீடுகளின் கொல்லையில் நிற்கும் வாழை, ஆப்கானிஸ்தானத்து மலையடிவாரத்திலே ஓர் அரசரின் செல்லப் பிள்ளையாக வளர்ந்ததை நினைக்கும்போது வியப்பு உண்டாகிறது.

பானிபட்டுக்குப் பின் ஆக்ராவுக்கு வந்தபோது அவருடைய மனநிலை வேறுவிதமாக இருந்தது. இந்துஸ்தானத்தில் தமக்குப் பிடிக்காதவற்றை ஒரு பட்டியலாகவே எழுதினார். நல்ல முலாம்பழம் இல்லை, திராட்சை இல்லை, பனிக்கட்டி இல்லை, குளிர்ந்த நீர் இல்லை, வெந்நீர்க் குளியல் மண்டபம் இல்லை, தோட்டங்களில் ஓடும் வாய்க்கால் இல்லை என்று அது நீள்கிறது. யமுனையின் மறுகரையில் தோட்டத்துக்கு இடம் தேடிச் சென்றபோது, கண்ட நிலம் யாவும் அருவருப்பூட்டுவதாய் இருந்ததாம். புதிய ஊருக்கு மாற்றலாகி வந்த முதல் மாதத்தில், நல்ல காப்பி இல்லை, புழுங்கலரிசி இல்லை, தண்ணீர் சரியில்லை என்று வீட்டுக்குக் கடிதம் எழுதாதவர் நம்மில் யார்?

ஆனால் பாபர் பட்டியல் எழுதியதோடு நிற்கவில்லை. வேறு இடம் இல்லாதபடியால், அருவருத்த அந்த நிலத்திலேயே வேலையைத் தொடங்கினார். முதலில் ஒரு பெருங்கிணறு தோண்டப்பட்டது. பின்னர் குளமும், மண்டபமும், ஒழுங்காக வகுத்த பாத்திகளும் ஏற்பட்டன. ஓடும் ஆறுகளை மலையிலிருந்து திருப்பிவிடும் வசதி இங்கு இல்லை. ஆகையால் கிணற்று நீரைச் சக்கரத்தால் இறைத்து வாய்க்காலில் ஓடவிட்டார்கள். நிலத்தை நீரோடையாலும் நடைபாதையாலும் நான்கு கூறாக்கி, ஒவ்வொரு கூறிலும் மரமும் பூவும் வைப்பது அவர்களுடைய முறை. இதற்குச் 'சார்பாக்' என்று பெயர். ஆக்ராவில் ராம்பாக் என்று இன்று வழங்கும் தோட்டம் பாபர் அமைத்தது என்பது மரபு. புது டில்லியில் 1920களின் இறுதியில் நடப்பட்டு, 2023 ஜனவரியில் அமிர்த உத்தியானம் என்று பெயர் மாற்றப்பெற்ற குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்திலும் இந்த நாற்கூற்று அமைப்பையே காணலாம்.

தோட்டம் வளர வளர, பாபரின் குறிப்புகளிலும் மாறுதல் ஏற்படுகிறது. மாம்பழத்தை இந்நாட்டார் உண்ணும் இருவகையை அவர் விவரிக்கிறார்: கசக்கித் துளையிட்டு உறிஞ்சுவது ஒன்று, தோலை உரித்து உண்பது மற்றொன்று. பலாப்பழத்தின் தோற்றம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆட்டின் இரைப்பையோடு அதனை ஒப்பிடுகிறார். புளிய மரத்தையும், செம்பருத்தியையும், தாழம்பூவையும், மல்லிகை வகையையும் கூர்ந்து பார்த்து எழுதுகிறார். 1528ஆம் ஆண்டில் குவாலியருக்குச் சென்றபோது, அங்கொரு தோட்டத்தில் செக்கச் சிவந்த அரளியைக் கண்டார். மற்ற இடங்களில் அவர் பார்த்த அரளி அவ்வளவு சிவப்பாக இல்லை. உடனே அதில் சிலவற்றைக் கொண்டுபோய் ஆக்ராத் தோட்டங்களில் நடச் செய்தார். இந்துஸ்தானத்தில் ஒன்றுமே இல்லை என்று எழுதியவர், இரண்டே ஆண்டுகளில், இந்துஸ்தானத்துப் பூவை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சுமந்து செல்பவராகிவிட்டார்.

இதனால் அவர் காபூலை மறந்துவிட்டார் என்று கொள்ளலாகாது. 1529இல் தம் பழைய தோழரான குவாஜா கலானுக்கு ஒரு கடிதம் எழுதினார். குவாஜா கலான் இந்நாட்டு வெயிலைப் பொறுக்க மாட்டாமல் காபூலுக்குத் திரும்பிவிட்டவர். அண்மையில் ஒரு முலாம்பழம் வந்தது என்றும், அதை அறுத்து உண்கையில் தம்மையும் மீறிக் கண்ணீர் பெருகிற்று என்றும் பாபர் அதில் தெரிவிக்கிறார். அதே காலத்தில், பால்க் நாட்டுத் தோட்டக்காரரைக் கொண்டு ஆக்ராவிலேயே முலாம்பழமும் திராட்சையும் விளைவித்து, அவை நன்றாக வந்ததைக் கண்டு மகிழ்ந்தும் எழுதியிருக்கிறார். ஊரை நினைத்து ஏங்குவதும், இருக்கும் இடத்தில் வேர் விடுவதும் ஒன்றுக்கொன்று பகை என்று பலர் எண்ணுகிறார்கள். பாபரின் குறிப்பேட்டைப் படிப்பவர்களுக்கு அந்த எண்ணம் நிற்காது. இரண்டும் ஒரே மனிதரிடத்தில், ஒரே ஆண்டில், அருகருகே இருந்தன. அவர் விரும்பியபடியே அவருடைய உடல் பிற்பாடு காபூலுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவர் அமைத்த தோட்டமொன்றில் அடக்கம் செய்யப்பட்டது.

அந்தக் குறிப்பேடு நமக்குக் கிடைத்திருப்பதே ஓர் அதிருஷ்டம் என்று சொல்ல வேண்டும். 1529ஆம் ஆண்டு, கிழக்குப் பகுதிகளில் படையுடன் சென்றபோது, ரமலான் மாதத்து இரவொன்றில் திடீரென்று மழையும் சூறைக் காற்றும் எழுந்தன. பாபர் எழுதிக்கொண்டிருந்த கூடாரம் அவர் தலைமேலேயே சரிந்தது. ஏடுகள் யாவும் நனைந்தன. மிகுந்த சிரமத்துடன் அவற்றைப் பொறுக்கிச் சேர்த்து, கம்பளி விரிப்புக்குள் வைத்து, மேலே போர்வைகளைப் போட்டு மூடினார்கள். காற்று அடங்கிய பின் நெருப்பு மூட்டி, விடியும் வரை தாள் தாளாக உலர்த்திக் கொண்டிருந்ததாக அவரே எழுதுகிறார். ஒரு ராஜ்யத்தை ஆள்பவர் இரவு முழுவதும் கண்விழித்துக் காப்பாற்றியது பொற்குவியலை அன்று, தம் கையெழுத்துத் தாள்களை. அப்படியும் நூலில் பல ஆண்டுகளைப் பற்றிய பகுதிகள் இன்று இல்லை.

அவர் மறைந்து அறுபது ஆண்டுகள் நிறைவதற்குள் வேறொரு தொல்லை தோன்றிற்று. பேரரான அக்பரின் காலத்தில், அரசவையின் மொழி பாரசீகம். துருக்கி மொழியைப் படித்து அனுபவிக்கக் கூடியவர்கள் குறைந்து போனார்கள். பாட்டனார் எழுதியதை அவையோர் படிப்பதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதாயிற்று. அக்பரின் ஆணைப்படி அப்துர் ரஹீம் கானேகானான் அதைப் பாரசீகத்தில் பெயர்த்து 1589இல் அளித்தார். ஹிந்தி மொழியில் ரஹீமின் ஈரடிகள் என்று இன்றும் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பாடல்களை இயற்றியவர் இவரே. டில்லி நிஜாமுத்தீன் பகுதியில் உள்ள இவருடைய சமாதி மண்டபம் பழுதுபார்க்கப் பெற்று 2020இல் பொலிவுடன் திறக்கப்பட்டது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என்னைப் போன்றவர்கள் அவ்வழியே செல்லும்போது ஒருகணம் நின்று வணங்கிவிட்டுச் செல்வதில் தவறில்லை.

மொழிபெயர்ப்பு முடிந்ததும் அக்பரின் சித்திரச்சாலை அதனைக் கையில் எடுத்துக்கொண்டது. ஓவியர் பலர் சேர்ந்து, பாபர் சொல்லால் எழுதியவற்றை வண்ணத்தில் தீட்டினார்கள். விசுவாசத் தோட்டம் உருவாவதைக் காட்டும் சித்திரத்தில், தோட்டக்காரர்கள் கயிறு பிடித்து அளப்பதையும், நாற்கூறுகளில் நீரோடுவதையும், வாயிலில் விருந்தினர் வந்து நிற்பதையும் பார்க்கலாம். அது இப்போது லண்டனில் இருக்கிறது. 1598ஆம் ஆண்டை ஒட்டிய பிரதி ஒன்று, நூற்றுக்கும் மேற்பட்ட சித்திரங்களுடன் புது டில்லி தேசியப் பொருட்காட்சி சாலையின் சேமிப்பில் உள்ளது.

இனி, பாபரின் கொள்ளுப் பேரரான ஜஹாங்கீரிடம் வருவோம். இவர் 1569இல் பதேபூர் சிக்ரியிலே பிறந்தவர். இந்நாட்டு மண்ணிலேயே வளர்ந்தவர். 1605 முதல் 1627 வரை ஆண்டவர். கொள்ளுப் பாட்டனாரைப் போலவே இவரும் நினைவுக் குறிப்பு எழுதினார். ஆனால் பாரசீக மொழியில் எழுதினார். 1607இல் காபூலுக்குச் சென்றபோது அங்குள்ள பழங்களையெல்லாம் சுவைத்துப் பார்த்தார். அவை இனியவைதாம்; ஆயினும் தம் நாவுக்கு மாம்பழத்தின் சுவைக்கு அவற்றுள் ஒன்றும் ஈடாகாது என்று தீர்ப்பளித்தார். முதல் தலைமுறை முலாம்பழத்தை நினைத்துக் கண்ணீர் விட்டது. நான்காம் தலைமுறை அந்த முலாம்பழத்தின் ஊருக்கே சென்று, மாம்பழம்தான் வேண்டும் என்றது. வடநாட்டில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள், விடுமுறையில் பாட்டி வீட்டுக்குச் சென்று இரண்டே நாளில் பராட்டா கேட்பதைக் கண்டு வருந்தும் பெற்றோர்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம்.

ஆறுதலோடு ஒரு பாடமும் இதில் உண்டு. அதே காபூல் பயணத்தில் ஜஹாங்கீர் பாபரின் நினைவுக் குறிப்பை எடுத்துப் பார்த்தார். அது பாபரின் சொந்தக் கையெழுத்தில் இருந்தது. நான்கு பகுதிகள் மட்டும் அவ்வாறு இல்லை. அந்த நான்கு பகுதிகளையும் ஜஹாங்கீர் தம் கையாலேயே எழுதிச் சேர்த்தார். தாம் எழுதியது இன்னதென்று விளங்கும்படி, இறுதியில் துருக்கி மொழியில் சில சொற்களையும் எழுதி வைத்தார். இந்துஸ்தானத்தில் வளர்ந்தவனாயினும் துருக்கிப் பேச்சும் எழுத்தும் அறியாதவன் அல்லேன் என்ற கருத்தை, வெளிப்படையான பெருமிதத்துடன் குறிப்பிடுகிறார்.

நண்பர்களே, இந்தச் செய்தியை நாம் ஆழ்ந்து நினைக்க வேண்டும். அப்போது பாபரின் நூல் பாரசீகத்தில் பெயர்க்கப்பட்டுப் பதினெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. பொருள் தெரிந்துகொள்வதற்கு மொழிபெயர்ப்பே போதும். விடுபட்ட தாள்களை நிரப்புவதற்கு அரண்மனையிலே தேர்ந்த எழுத்தாளர்கள் எத்தனையோ பேர். இருந்தும் பாதுஷா தாமே எழுதுகோலை எடுத்தார். மொழிபெயர்ப்பு கருத்தைக் காப்பாற்றுகிறது. கையெழுத்து உறவைக் காப்பாற்றுகிறது. தமிழில் தாத்தா எழுதிய கடிதத்தின் சாரத்தை ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ பேரனுக்குச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பேரன் அதே எழுத்துகளில் நான்கு வரி பார்த்து எழுதினால், அது வேறு வகைச் செல்வம். ஜஹாங்கீரின் தாய்நாடு மாறிவிட்டது. நாவின் சுவை மாறிவிட்டது. எழுதும் மொழியும் மாறிவிட்டது. அத்தனைக்குப் பிறகும் நான்கு பகுதிகள் அவருடைய கைக்காகக் காத்திருந்தன.

ஜஹாங்கீர் கொள்ளுப் பாட்டனாரிடமிருந்து கற்றார். அவர் செய்யாத ஒன்றையும் செய்தார். 1612இல் கோவாவிலிருந்து வான்கோழி முதலிய விந்தையான பிராணிகள் அவருக்கு வந்து சேர்ந்தன. பாபர் பிராணிகளின் உருவங்களைச் சொல்லால் விவரித்தாரே தவிர, ஓவியரைக் கொண்டு அவற்றை வரையச் செய்யவில்லை என்று ஜஹாங்கீர் குறிப்பிடுகிறார். தாமோ எழுதியதோடு நில்லாமல், கேட்பவரின் வியப்பு மிகும்படி சித்திரமும் எழுதச் செய்து நூலில் சேர்க்கக் கட்டளையிட்டார். சொல்லும் சித்திரமும் ஒரே ஏட்டில் அருகருகே நிற்கும் குறிப்பேட்டை இன்று பலர் புதுமை என்று நினைக்கிறார்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அது இந்நாட்டில் திட்டமிட்டுச் செய்யப்பட்ட காரியம்.

1620ஆம் ஆண்டின் வசந்தத்தை ஜஹாங்கீர் காஷ்மீரத்தில் கழித்தார். மலைச் சாரல்களிலும், ஏரிக் கரைகளிலும், வீட்டுக் கூரைகளின் மேலும் பூக்கள் நிறைந்திருந்தன. அந்நாட்டு மண் கூரைகளில் டூலிப் மலர் நட்டு வளர்ப்பது வழக்கம். 'காலத்தின் அற்புதம்' என்று பொருள்படும் பட்டம் பெற்ற உஸ்தாத் மன்சூர் என்னும் ஓவியர் அந்தப் பயணத்தில் வரைந்த மலர்கள் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவை என்று ஜஹாங்கீர் எழுதி வைத்தார். அவற்றில் நமக்குக் கிடைப்பவை மிகச் சிலவே. மன்சூரின் பெயர் தாங்கிய சிவப்பு டூலிப் சித்திரம் ஒன்று அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. ஷாலிமார் தோட்டத்துக்கு வித்திட்ட காலமும் அதுவேயாகும். தோட்டம் இன்றும் பூக்கிறது. ஆனால் 1620இல் எந்தப் பூ எப்படி இருந்தது என்பதை மன்சூரின் தூரிகை இன்றி நாம் அறிய வழியில்லை. பூவின் ஆயுள் சில நாள். அதனால்தான் தோட்டக்காரனுக்கு அருகே சித்திரக்காரனும் வேண்டியிருக்கிறது.

இத்தகைய தனிச் சித்திரங்களையும், அழகிய கையெழுத்துத் தாள்களையும் தொகுத்துக் கட்டிய ஏட்டுக்கு 'முரக்கா' என்று பெயர். ஒட்டுப் போட்டது என்பது அச்சொல்லின் பொருள். அதன் செய்முறை எளிமையானது; நம் வீட்டு மேசையிலும் செய்யக் கூடியது. கையால் செய்த காகிதத் தாள்கள் இரண்டு மூன்றைப் பசையிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, உலர்ந்தபின் வழுவழுப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். இந்தக் கனத்த தாளுக்கு 'வஸ்லி' என்று பெயர். அதன் நடுவில் சித்திரத்தை ஒட்டி, சுற்றிலும் வண்ணக் கோடுகள் இழுத்து, வெளி விளிம்பில் சிறு பூக்களையும் கொடிகளையும் தீட்டுவார்கள். தாளின் ஒருபுறம் சித்திரமும் மறுபுறம் கையெழுத்தும் வருமாறு அமைப்பதால், ஏட்டைத் திறக்கும்போது ஒருமுறை இரு சித்திரங்கள் எதிரெதிரே தோன்றும். அடுத்த முறை இரு கையெழுத்துகள் தோன்றும். ஜெய்ப்பூருக்கு அருகிலுள்ள சாங்கானேரில் கையால் செய்த காகிதத்தை இன்றும் வாங்கலாம்.

இவ்வகை ஏடுகளுள் நெஞ்சை மிகவும் தொடுவது, ஜஹாங்கீரின் பேரரான தாரா ஷுகோ தம் மனைவிக்கு அளித்த ஏடு. தாரா 1615இல் பிறந்தவர். ஷாஜஹானின் மூத்த மைந்தர். உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்து 1657இல் நிறைவு செய்தவர். 1633இல் நாதிரா பானு பேகத்தை மணந்தார். மலர்களும் பறவைகளும் இளைஞரும் மங்கையரும் நிறைந்த சித்திரங்களைத் தொகுத்து, தம் நெருங்கிய துணைவிக்கு அளிப்பதாகத் தம் கையாலேயே எழுதி அந்த ஏட்டை அவருக்குக் கொடுத்தார். போர் இல்லை, அரசவை இல்லை. கணவன் மனைவிக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பூக்கள் அவை. தண்டோடும் இலையோடும் ஒற்றையாக நிற்கும் செடிகளும் அவற்றுள் உண்டு.

பின்னர் நடந்ததைச் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். அரியணைப் போரில் தாரா தோற்றார். 1659இல், தப்பி ஓடும் வழியில் நாதிரா பானு உயிர் துறந்தார். அவருடைய உடலை லாகூருக்கு அனுப்பி வைத்த சில நாள்களில் தாரா பிடிபட்டார், டில்லியில் கொலையுண்டார். ஹுமாயூன் சமாதியின் எல்லைக்குள் அடக்கம் செய்யப்பட்டார். அந்த ஏடு அரண்மனை நூலகத்துக்குச் சென்றது. தாரா எழுதிய சமர்ப்பண வரிகளின் மேல் பொன்வண்ணம் பூசி அவற்றை மறைக்க முயன்றார்கள். ஆயினும் எழுத்து முற்றிலும் மறையவில்லை. இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் அந்த ஏட்டைப் பார்ப்போர், யார் யாருக்குக் கொடுத்தது என்பதை அறிந்தே பார்க்கிறார்கள். ஓர் இளவரசரின் படையும் பட்டமும் அழிந்தன. மனைவிக்கு எழுதிய இரண்டொரு வரி பொன்பூச்சையும் மீறி நின்றது.

இவையெல்லாம் பாதுஷாக்களின் காரியம். நமக்கு ஓவியரும் இல்லை, பொன்னும் இல்லை என்று நீங்கள் கூறலாம். அதற்கு விடையாகப் பிற்காலத்து உதாரணம் ஒன்றைக் காட்டுவேன். 1879 ஜூலை முதல் நாளன்று இந்தியாவில் தபால் அட்டை அறிமுகமாயிற்று. அதன் விலை கால் அணா. இந்தக் கால் அணா அட்டையைச் சித்திர ஏடாக மாற்றியவர்களுள் ஒருவர் நந்தலால் போஸ். 1882 முதல் 1966 வரை வாழ்ந்த இவர், அவனீந்திரநாத் தாகூரின் மாணவர். சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தை நெடுங்காலம் நடத்தியவர். நம் அரசியல் சட்டத்தின் மூலப் பிரதிக்குத் தம் மாணாக்கருடன் சித்திர அலங்காரம் செய்தவர். இவ்வளவு பெரிய கலைஞர், மாணாக்கருக்கும் உற்றாருக்கும் எழுதிய தபால் அட்டைகளில் சில கோடுகளால் ஒரு மரத்தையோ, ஓர் ஆட்டையோ, வழியில் கண்ட மனிதரையோ வரைந்து அனுப்புவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். பெற்றவர்கள் அவற்றைப் பாதுகாத்து வைத்தார்கள். மையும் தூரிகையும் கால் மணி நேரமும் தவிர அதற்கு வேறு செலவில்லை.

நம் நாட்டிலும் பொங்கல் வாழ்த்து அட்டைக்கென்று ஒரு காலம் இருந்தது. தை பிறப்பதற்கு முன் தபால்காரரின் பை அதனால் கனத்தது. கைபேசி வந்தபின் வாழ்த்து நொடியில் போய்ச் சேருகிறது; நொடியில் மறைந்தும் போகிறது. அந்த வசதியைக் குறை கூற வேண்டியதில்லை. அவசரச் செய்திக்கு அதுவே ஏற்றது. ஆனால் பாபரின் தாள் நனைந்தபோது உலர்த்துவதற்கு ஒரு தாள் இருந்தது. தாராவின் பெயரை மறைத்தபோது மீண்டும் படிப்பதற்கு ஓர் எழுத்து இருந்தது. வேற்று மாநிலத்தில் வாழும் நாம் நம் பேரக் குழந்தைகளுக்கு எதை விட்டுச் செல்கிறோம் என்று எண்ணும்போது, இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

ஆகவே, இந்த வசந்தத்தில் ஒரு சிறு முயற்சியைச் செய்து பார்க்கலாம். வீட்டில் பூத்த முதல் மலரைக் குழந்தையை வரையச் சொல்லுங்கள். கோடு கோணினாலும் பாதகமில்லை. அதனருகே நாள், ஊர், பூவின் பெயர் ஆகியவற்றைத் தமிழிலே எழுதச் சொல்லுங்கள். இந்தப் பூவை இங்கு எப்படி அழைக்கிறார்கள் என்பதையும் தமிழ் எழுத்திலேயே சேர்க்கலாம்; குவாலியர் அரளியை ஆக்ராவில் நட்டது போன்றதே அது. எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு நீங்கள் ஒரு வரி எழுதிக் காட்டினால், அவன் அதைப் பார்த்து எழுதட்டும். ஒரு தாளைக் குறிப்பேட்டில் வையுங்கள்; அதே படத்தை ஓர் அட்டையில் வரைந்து ஊரில் இருக்கும் பாட்டிக்கு அனுப்புங்கள். கீழே அனுப்புகிறவரின் பெயரும் பெறுகிறவரின் பெயரும் தெளிவாக இருக்கட்டும்.

பங்குனி இறுதியில் செடிகள் வாடும்போது வருத்தப்பட வேண்டாம். முற்றிய காய்களை நிழலில் உலர்த்தி, விதையைத் தாள் பொட்டலங்களில் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் பூவின் பெயரையும் ஆண்டையும் எழுதி, ஈரம் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். ஐப்பசியில் அவை வேண்டியிருக்கும்.